பாராசூட் வாங்கும் முன் ஒரு வகுத்தல் கணக்கு

மாமல்லபுரம் பக்கம் திருவிடந்தை பட்டத் திருவிழாவுக்குப் போயிருக்கீங்களா? குச்சியே இல்லாத பெரிய பட்டங்களைக் கவனிச்சிருப்பீங்க. முன்பக்க வாய் வழியாகக் காற்று உள்ளே புகுந்து துணியை இறக்கை மாதிரி விறைப்பாக்கிடும். அமெரிக்காவில் பட்டம் செய்துவந்த டோமினா ஜால்பர்ட் 1964-ல் கொண்டுவந்த 'பாராஃபாயில்' இது. இன்றைய ஸ்கைடைவிங் பாராசூட்டும் அதே குடும்பம்தான். அது குடை இல்லை, இறக்கை.

இறக்கைன்னா வேகம் உண்டு. உங்க எடை 70 கிலோ, உபகரணங்கள் 12 கிலோன்னு வைங்க. மொத்தம் 82 கிலோ, அதாவது சுமார் 180 பவுண்டு. இதைக் கேனபியின் பரப்பால் வகுத்தா வருவதுதான் விங் லோடிங். 180 சதுர அடிக்கு 1.0, 120 சதுர அடிக்கு 1.5. வேகம் இதன் வர்க்கமூலத்தோடு ஏறும். அதனால் சின்னக் கேனபியில் வேகம் சுமார் 22 சதவீதம் கூடும், இயக்க ஆற்றல் 50 சதவீதம் கூடும். முட்டி தாங்குமா?

"ஏஏடி கருவி காப்பாத்தாதா?"ன்னு கேட்பீங்க. சுமார் 230 மீட்டர் உயரத்திலும் நீங்க வேகமா விழுந்துக்கிட்டே இருந்தா, அது ரிசர்வ் பாராசூட்டைத் திறக்கும். ஆனா நல்லா விரிஞ்ச கேனபியில், தரைக்குப் பக்கத்துல தப்பா திரும்பினா அதால் ஒண்ணும் பண்ண முடியாது. இந்த விளையாட்டில் பல உயிர்கள் போனது அப்படித்தான்.

அனுபவசாலிகள் புதுசா வர்றவங்களுக்குச் சொல்றது இதுதான்: பெரிய கேனபியில் ஆரம்பிங்க, 1.0-ஐத் தாண்டாதீங்க. செகண்ட் ஹேண்டில் சின்னது சீப்பா கிடைச்சாலும் வாங்காதீங்க. எப்போ மாறலாம்னு பயிற்சியாளர் சொல்லட்டும், விலை சொல்ல வேண்டாம்.