ஓடி வந்த தகப்பன்

கேள்வி: என் அப்பா குடித்துவிட்டு வந்து எங்களை பெல்ட்டால் அடிப்பார். அவர் இறந்து பல வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் ஆலயத்தில் எல்லோரும் பரமண்டல ஜெபம் சொல்லும்போது ‘பிதா’ என்ற இடத்தில் எனக்கு வாய் வருவதில்லை. சின்னத் தப்பு செய்தாலும் கடவுள் அடித்துவிடுவார் என்று பயம். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால்கூட, நான் என்ன பாவம் செய்தேனோ என்றுதான் முதலில் தோன்றுகிறது. கடவுளை அன்பான தகப்பனாக நான் எப்படி நினைப்பது?
– ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: அன்புச் சகோதரி, உங்களுக்கு வாய் வராதது அவிசுவாசம் அல்ல. அத்தனை அடி வாங்கிய பிள்ளைக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் உடம்பு நடுங்கத்தான் செய்யும். அதற்காகக் கடவுள் உங்கள்மேல் கோபப்படுவதில்லை.

வீட்டில் பார்த்த அப்பாவையே பெரிதாக்கி வானத்தில் உட்கார வைத்துவிடுகிறோம். நல்ல அப்பா வாய்த்தவர்களுக்கு இதில் சிரமம் தெரிவதில்லை. ஆனால் வேதம் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. எபிரெயர் 12-ஆம் அதிகாரத்தைக் காட்டி, தகப்பன் அடிப்பது அன்புதான் என்று பேசும் பிரசங்கங்களை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அதே அதிகாரத்தின் 10-ஆம் வசனம் இரண்டு பேரையும் பிரித்துக் காட்டுகிறது: பூமியிலுள்ள தகப்பன்மார் தங்களுக்குச் சரியென்று பட்டபடி கண்டித்தார்கள்; தேவனோ நம் நன்மைக்காகவே கண்டிக்கிறார். குடிவெறியில் பெல்ட்டைக் கழற்றியதற்கு அந்த அதிகாரத்தில் இடமே இல்லை.

ஆகவே உங்கள் அப்பாவை வைத்துக் கடவுளை அளக்காதீர்கள். இயேசு காட்டிய தகப்பனைப் பாருங்கள். லூக்கா 15-இல் உள்ள கெட்ட குமாரன் கதை உங்களுக்குத் தெரியும். அப்பா உயிரோடு இருக்கும்போதே பங்கைப் பிரித்து வாங்கிக்கொண்டு போனவன், பன்றி மேய்க்கும் நிலைக்கு வந்தபிறகு, அப்பாவிடம் பேச வேண்டியதை மனதுக்குள் தயார் செய்துகொண்டு கிளம்புகிறான். ‘கூலிக்காரனாக வைத்துக்கொள்ளும்’ என்று கேட்பதுதான் அவன் திட்டம். அவன் தூரத்தில் வரும்போதே அப்பா பார்த்து, ஓடிப்போய்க் கழுத்தைக் கட்டிக்கொண்டு முத்தமிடுகிறார். மகன் வாய் திறப்பதே அதற்குப் பிறகுதான். 19-ஆம் வசனத்தையும் 21-ஆம் வசனத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். கூலிக்காரன் என்ற பேச்சு அவன் வாயிலிருந்து வரவே இல்லை. அதற்குள் அப்பா வஸ்திரமும் மோதிரமும் செருப்பும் கொண்டுவரச் சொல்லிவிட்டார்.

ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு நினைவு வந்தவன் அதே கதையில் வரும் மூத்த மகன். நாம் அவனைத் திட்டிவிட்டுப் போய்விடுகிறோம். எனக்கு அவன்மேல் இரக்கம்தான் வருகிறது. வீட்டை விட்டுப் போகாதவன், ஒரு கட்டளையையும் மீறாதவன். சொந்த அப்பாவின் வீட்டிலேயே வேலைக்காரனைப் போல வாழ்ந்திருக்கிறான். தனக்காக ஒரு ஆட்டுக்குட்டி கேட்கக்கூட அவனுக்கு மனம் வரவில்லை போலும். திரும்பி வந்த தம்பிக்கு விருந்து வைத்ததற்காகக் கோபித்துக்கொண்டு வெளியே நின்ற அவனையும் அந்த அப்பா அதட்டவில்லை. விருந்தை விட்டு எழுந்து வந்து வருந்தி அழைக்கிறார். அவன் உள்ளே போனானா என்று இயேசு சொல்லவில்லை. நீங்களும் உடனே உள்ளே போய்விட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். வெளியே நிற்கிறவர்களிடமும் அவர் வருகிறார் என்பதை மட்டும் நம்புங்கள்.

காய்ச்சல் விஷயம். பிறவிக் குருடன் ஒருவனைக் கண்டு, இது யார் செய்த பாவம், இவனா இவனைப் பெற்றவர்களா என்று சீஷர்கள் கேட்டபோது, இரண்டும் இல்லை என்றார் இயேசு (யோவான் 9). பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து ஜெபியுங்கள். பாவக் கணக்குப் பார்க்க வேண்டாம்.

‘பிதா’ என்ற சொல் இப்போதைக்கு வராவிட்டால் விட்டுவிடுங்கள். 23-ஆம் சங்கீதத்தில் அவர் மேய்ப்பர். ஏசாயா 66-இல், தாய் பிள்ளையைத் தேற்றுவதுபோலத் தேற்றுகிறவர். அப்படிக் கூப்பிட்டாலும் அவருக்குக் கேட்கும்.

உங்களுக்கு நம்பிக்கையான ஒரு பெண்ணிடமோ மனநல ஆலோசகரிடமோ அந்த நாட்களைப் பற்றி மனம்விட்டுப் பேசுங்கள். அப்பாவை உடனே மன்னித்துவிடு என்று யாராவது அவசரப்படுத்தினால், காயம் இன்னும் ஆறவில்லை என்று சொல்லிவிடுங்கள்.