இயற்கை உணவு: எவரை நம்புவது?

உறையில் பச்சை இலைப் படமும் 'ஆர்கானிக்' என்ற சொல்லும் இருந்தால் நாம் கூடுதல் விலை கொடுத்து வாங்கி விடுகிறோம். வெறும் சொல் சான்றாகாது.

நம் நாட்டின் 2017ஆம் ஆண்டு விதிகளின்படி, இவ்வாறு விற்கும் கம்பெனிப் பொருளுக்குச் சான்று அவசியம். அது இரு வகைப்படும். வெளி நிறுவனம் சோதித்துத் தருவது என்.பி.ஓ.பி. விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தை மற்றவர் சோதிப்பது பி.ஜி.எஸ். இயற்கை உணவுக்கான அரசு முத்திரையையும் பார்த்துக் கொள்ள வேண்டும்.

இரசாயன உரத்தை இன்று நிறுத்திய வயலுக்கு நாளையே சான்று கிடைக்காது. பருவப் பயிர்களுக்குப் பொதுவாக இரண்டாண்டுகள் கழிய வேண்டும்.

ஆகவே அன்பர்களே, மூன்றை வினவுவோம்: விளைந்த ஊர் எது? சோதித்தவர் எவர்? சான்று எண் யாது? தெளிவாக விடை தருபவரே நம் அமானிதத்திற்கு உரியவர். மழுப்புபவரிடம் வாங்கினால், நம் பணத்தோடு, உண்மையாக உழைத்த விவசாயியின் பிழைப்பும் போகும்.