கம்பு பிடிக்க வந்த பிள்ளைகளுக்கு

கொல்லிமலைச் செம்மேட்டில் என்னிடம் சிலம்பம் கற்க வருகிற பிள்ளைகளில் பாதிப் பேர் சினிமா பார்த்துவிட்டு வருகிறார்கள். அதில் தப்பில்லை. விஞ்ஞானப் படங்களில் வருகிற மாதிரி அடிக்க வேண்டும், ஸ்டண்டில் சேர வேண்டும் என்கிறார்கள். அவர்களிடம் சொல்வதை எழுதிவைக்கிறேன்.

1. வித்தை ரத்தத்தில் வராது. 2011 தீபாவளிக்கு வந்த ‘7ஆம் அறிவு’ படத்தில், பௌத்தத் துறவி போதிதருமரின் மரபணுவைத் தூண்டியதும் சர்க்கஸ்காரன் அரவிந்துக்கு அத்தனை அடியும் வந்துவிடுகிறது. 1999இல் வந்த ‘தி மேட்ரிக்ஸ்’ படத்தில் நியோவின் பிடரியில் ஒரு கம்பியைச் செருகிக் குங்ஃபூவை ஏற்றிவிடுகிறார்கள். கதைக்கு அது அழகு. அந்தக் கதையை நடிக்க கியானு ரீவ்ஸ் என்ன பாடுபட்டார் தெரியுமா? கழுத்தில் அறுவை சிகிச்சை முடிந்த கையோடு பயிற்சிக்கு வந்தார். தொடக்கத்தில் அவரால் காலை வீசி உதைக்க முடியவில்லை. ஹாங்காங் சண்டைப் பயிற்சியாளர் யுவான் வூ பிங் நடிகர்களை நான்கு மாதம் பழக்கினார். படத்தில் கண்மூடித் திறக்கும் நேரம், களத்தில் நான்கு மாதம். பிள்ளைகளே, இந்தக் கணக்கை மறக்காதீர்கள்.

2. கம்பைத் தொடுமுன் காலடி பழகுங்கள். ரோப் கட்டிப் பறக்கிற சண்டையிலும் பார்க்கிறவன் கண் தரையைத்தான் தேடும். எந்தக் காலில் எடை இருந்தது, எங்கே ஊன்றி எழும்பினான், இறங்கும்போது முட்டி மடிந்ததா? இவை சரியாக இருந்தால் அவன் பத்தடி பறந்ததைக்கூட நம்பிவிடுவோம். இவை தவறினால் ஓரடி துள்ளியதும் பொம்மலாட்டமாகத் தெரியும். ரோப் ஆளைத் தூக்கும், ஊன்றக் கற்றுத்தராது. நம் மலைப் பிள்ளைகளுக்கு இது பாதி வந்த வித்தை. பலாப்பழம் சுமந்து சரிவில் இறங்கிய பாதத்துக்கு எடை எங்கே நிற்கிறது என்று தெரியும்.

3. கம்பு உங்கள் புருவ உயரம் இருக்கட்டும். பளபளக்கிற அலுமினியக் கம்பு வேண்டாம்.

4. உடம்புக்கு ஏற்ற அடியே பாணி. 2010இல் வந்த ‘எந்திரன்’ படத்துக்கும் அதே யுவான் வூ பிங் வந்தார், சண்டைப் பயிற்சியாளர் பீட்டர் ஹெயினும் இருந்தார். ரயில் சண்டையில் இயந்திர மனிதன் சிட்டியைக் கவனியுங்கள். இயந்திரத்துக்கு மூச்சு இரைக்காது, வலிக்காது, பயமும் இல்லை. மனிதனாக நடிக்கிறவன் அப்படி அடித்தால் அது பொய். மூன்று வீச்சுக்குப் பிறகு அவன் மூச்சு வாங்க வேண்டும். யார் அடிக்கிறார் என்பது முகத்தைப் பார்க்காமலே அடியில் தெரிய வேண்டும்.

5. வர்மத்தோடு விளையாடாதீர்கள். படுவர்மம் 12, தொடுவர்மம் 96, ஆக 108 என்பது மரபு. ‘7ஆம் அறிவு’ பார்த்துவிட்டு நோக்கு வர்மம் கற்றுத்தரச் சொல்லிப் பல பேர் கேட்டார்கள். பார்வையால் ஓர் ஊரையே ஆட்டிவைக்கிற ஆளை இந்த வயது வரை நான் கண்டதில்லை. வர்மம் வேண்டுமென்றால் அடியோடு அதை விடுவிக்கிற இளக்குமுறையையும் சேர்த்துத் தருகிற ஆசானிடம் போங்கள். இளக்கத் தெரியாதவன் தொடவே கூடாது.

6. பெருமைக்காக வரலாற்றை வளைக்காதீர்கள். போதிதருமர் தென்னிந்தியர் என்று ஒரு பழைய சீனக் குறிப்பு உண்டு, பாரசீகர் என்று இன்னொன்றும் உண்டு. ஷாவோலின் உடற்பயிற்சியை அவர் பெயரோடு சேர்க்கிற நூல் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அவர் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுக்குப் பிந்தியது. அவர் பெயர் இல்லாமலே சிலம்பம் தன் காலில் நிற்கும்.

7. மிகை கூடாதென்று நான் சொல்லவில்லை. நம் மலையை ஆண்ட வல்வில் ஓரி விட்ட ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலி, மான், பன்றி என்று துளைத்துக்கொண்டு போய், புற்றிலிருந்த உடும்பின் மேல் தைத்து நின்றதாகப் புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். அவர் அந்த அம்பு நின்ற இடத்தையும் சொன்னார். அதனால்தான் வில்லின் விசை எனக்குத் தோளில் உறைக்கிறது. எவ்வளவு அடித்தாலும் ஓயாத, எங்கும் போய் நிற்காத சண்டையில் பலம் தெரிவதில்லை. நாளை ஒரு படத்துக்கு நீங்கள் சண்டை அமைத்தால், அடி எங்கே போய் நிற்கிறது என்று காட்டுங்கள்.

ஆடியில் வல்வில் ஓரி விழாவுக்கு இங்கே வில்வித்தைப் போட்டி நடக்கும். வாருங்கள். அம்பைப் பார்ப்பதற்கு முன், விடுகிறவரின் பாதங்களைப் பாருங்கள்.