கொடி யார் கையில்?

ஜமுனாமரத்தூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதுவது. சாமை அறுத்துக் களத்துக்கு வந்துவிட்டது. உங்கம்மா ஒண்டியாகப் புடைக்கிறாள். நீ ஜோலார்பேட்டையில் ஒரு மேஸ்திரியிடம் சேர்ந்திருப்பதாகவும், ரயில் தடம் புரண்ட இடங்களில் வேலை, கூலி அதிகம் என்றும் சொன்னாள். போனில் பேசினால் மலையில் பாதி காற்றோடு போகிறது, அதனால் எழுதுகிறேன். போகாதே என்று சொல்ல எனக்கு வாயில்லை. நானும் போனவன்தான்.

வண்டி கவிழ்ந்த இடத்தில் எல்லாருக்கும் அவசரம். ஒடிசாவின் பாலசோரில் 2023 ஜூன் 2 அன்று நடந்த ரயில் விபத்தில் 290 பேருக்கு மேல் செத்தார்கள். அதே இடத்தில் 51 மணி நேரத்தில் மறுபடி வண்டி ஓடியது. ஆயிரம் பேருக்கு மேல் ராப்பகலாக உழைத்தார்கள். பெரிய வேலைதான், குறை சொல்லவில்லை. ஆனால் இப்படிப்பட்ட இடத்தில் பக்கத்துத் தடம் முதலில் சரியாகிவிடும். நீ குனிந்து ஜல்லி வாரிக்கொண்டிருப்பாய். உன் முதுகுக்குப் பின்னால் வண்டி விட ஆரம்பித்திருப்பார்கள்.

நாம் காதை நம்பிப் பழகிய ஆட்கள். கரடி வந்தால் சருகு சொல்லிவிடும். தண்டவாளத்தில் அந்த நம்பிக்கை ஆகாது. ஒரு பக்கம் கிரேன், ஒரு பக்கம் பொக்லைன், நடுவில் ஜெனரேட்டர் இரைச்சல். மணிக்கு 110 கிலோமீட்டரில் வரும் வண்டி, நீ நிமிர்ந்து பார்க்கும் ஒரு விநாடிக்குள் 30 மீட்டர் கிட்டே வந்துவிடும். 2024 நவம்பர் 2 அன்று ஷொர்ணூரில், பாரதப்புழைப் பாலத்தின் மேல் குப்பை பொறுக்கிக்கொண்டிருந்த நாலு ஒப்பந்தத் தொழிலாளர்களை கேரளா எக்ஸ்பிரஸ் அடித்துவிட்டது. நாலு பேரும் நம் தமிழ்நாட்டுக்காரர்கள். பாலத்தில் ஒதுங்க இடம் ஏது?

அதனால் தடத்தில் கால் வைக்கும் முன் கேள்: சிவப்புக் கொடியும் விசிலும் யார் கையில்? ஆளைக் காட்டச் சொல். விசில் ஊதினால் எந்தப் பக்கம் ஒதுங்குவது என்றும் அப்போதே பார்த்து வை.

தலைக்கு மேல் ஓடும் கம்பியில் 25,000 வோல்ட். அறுந்து தரையில் கிடந்தாலும் செத்த கம்பி என்று நினைக்காதே. கரண்ட் பிரிவு ஆள் வந்து, நிறுத்தியாச்சு, எர்த் மாட்டியாச்சு என்று சொல்லும்வரை கிட்டே போகாதே. கடப்பாரையைச் செங்குத்தாகத் தூக்கிக்கொண்டு நடக்காதே. 2025 ஜூலை 13 அன்று திருவள்ளூர் பக்கம் டீசல் ஏற்றிய சரக்கு வண்டி தடம் புரண்டு 18 டேங்கர்கள் எரிந்தன. நெருப்பு அணைந்தாலும் மண்ணுக்குள் எண்ணெய் ஊறிக் கிடக்கும். அந்த இடத்தில் யாராவது பீடி பற்றவைத்தால் நீ தள்ளிப் போய்விடு.

இப்போது ஒன்று சொல்கிறேன். என் இடது கையில் ரெண்டு விரல் பாதிதான் இருக்கிறது என்று சின்னதில் கேட்டாய். கரும்பு வெட்டும்போது போனது என்றேன். பொய். வேகனை ஜாக்கி வைத்துத் தூக்குவார்கள். கொஞ்சம் ஏற ஏற, அடியில் கட்டை கொடுத்துக்கொண்டே வரவேண்டும். ராத்திரி ரெண்டு மணி இருக்கும். ஒரு கட்டை கோணலாக உட்கார்ந்திருந்தது. கடப்பாரையால் தள்ளியிருக்கலாம், கையால் நகர்த்தினேன். வேகன் இறங்கியது ரெண்டு அங்குலம்தான்.

வலியைவிட மறுநாள் நடந்ததுதான் இன்னும் உறுத்துகிறது. வருகை ஏட்டில் என் பேரே இல்லை. கையில் இரண்டாயிரம் ரூபாய் வைத்து பஸ் ஏற்றிவிட்டார்கள். வேலையில் அடிபட்டவனுக்கு நஷ்டஈடு தரவேண்டும் என்று 1923-லேயே சட்டம் வந்துவிட்டது. நான் அங்கே வேலை செய்தேன் என்பதற்கே அத்தாட்சி இல்லாதபோது எதை வைத்துக் கேட்பேன்? நீ முதல் நாளே உன் பேர் ஏறியதா என்று பார். இ-ஷ்ரம் அட்டையும் எடுத்துக்கொள்.

கவிழ்ந்த பெட்டிக்குள் பை, போன், நகை எல்லாம் சிதறிக் கிடக்கும். தண்ணீர் பாட்டிலைக்கூடத் தொடாதே. எது கண்ணில் பட்டாலும் ரயில்வே போலீசைக் கூப்பிட்டுக் காட்டு. ஜவ்வாது மலை என்றாலே ‘செம்மரமா?’ என்று கேட்கும் உலகம் இது. 2015 ஏப்ரல் 7 அன்று செம்மரம் வெட்டினார்கள் என்று சேஷாசலம் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட 20 பேரில் நம் மலைக்காரர்களும் உண்டு. நம்மேல் சந்தேகம் வர அதிக நேரம் ஆகாது.

இதையெல்லாம் கேட்டால் மேஸ்திரி சிரிப்பார். “கொடி பார்க்கவா வந்தே?” என்பார். சிரித்துவிட்டுப் போகட்டும். ஏட்டில் உன் பேர் இருக்கும் பக்கத்தைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. அதைப் பார்த்த பிறகுதான் உங்கம்மாவிடம், பையன் நல்ல வேலையில்தான் இருக்கிறான் என்று சொல்வேன்.

இப்படிக்கு,
உன் மாமா