மீளமைக்கப்பட்ட கோட்டை ஒரு மூலாதாரமா?

மாணவர்களே, வரலாற்று மூலாதாரங்கள் பற்றிய வினாவில் பலரும் புள்ளிகளை இழப்பது ஒரே இடத்தில்தான். பழைமையாகத் தோன்றும் எல்லாவற்றையும் தொல்பொருள் மூலாதாரம் என எழுதிவிடுகின்றனர். கனடாவிலுள்ள வில்லியம் கோட்டையை உதாரணமாகக் கொண்டு இதனை விளங்கிக்கொள்வோம்.

1. பின்னணி

பீவர் என்னும் விலங்கின் மென்மயிரால் செய்யப்பட்ட தொப்பிகளுக்கு ஐரோப்பாவில் பெரும் கேள்வி இருந்தது. 1670இல் தோன்றிய ஹட்சன் விரிகுடாக் கம்பனிக்குப் போட்டியாக மொன்றியல் வணிகர்கள் வடமேற்குக் கம்பனியை நடத்தினர். 1803 முதல் சுப்பீரியர் ஏரிக்கு அருகிலிருந்த இக்கோட்டையே அதன் உள்நாட்டுத் தலைமையிடம். ஒவ்வொரு கோடையிலும் மொன்றியல் சரக்குகளும் வடமேற்கின் உரோமத் தோல்களும் இங்கு கைமாறின. 1821இல் இரு கம்பனிகளும் இணைந்ததும் கோட்டை முக்கியத்துவம் இழந்தது.

2. இன்று காண்பவை

கோட்டை இருந்த நிலம் பின்னர் புகையிரதத் தேவைக்குப் பயன்பட்டது. ஆகவே 1970களில் அதே ஆற்றங்கரையில் வேறோர் இடத்தில் கோட்டை புதிதாகக் கட்டப்பட்டது. 1816ஆம் ஆண்டுக் கால உடையணிந்த வழிகாட்டிகள் பேர்ச் மரப்பட்டையால் வள்ளம் செய்துகாட்டுவர். ஏறக்குறைய 90 இறாத்தல் நிறையுடைய பொதிகள் இரண்டை ஒரே தடவையில் முதுகில் சுமந்த வள்ளத் தொழிலாளரைப் பற்றிக் கூறுவர். மரவேலிக்கு வெளியே ஒஜிப்வே மக்களின் குடில்களைக் காணலாம்.

3. ஆராய்வோம்

இக்கட்டடங்கள் 20ஆம் நூற்றாண்டுக்குரியவை, வழிகாட்டிகள் இக்காலத்தவர். அன்றைய கணக்கேடுகள், கடிதங்கள், நாட்குறிப்புகள் என்பனவே முதலாம் நிலை மூலாதாரங்கள். ஆனால் அவற்றைப் பெரும்பாலும் எழுதியோர் வணிகர்கள். விலங்குகளைப் பிடித்து, தோல் பதனிட்டு, உணவும் வள்ளமும் வழங்கிய சுதேச மக்களின் குரல் அவற்றில் அரிது. அதை அறிய அவர்களது வாய்மொழி மரபையும் நாட வேண்டும். எனவே வழிகாட்டி கூறுவதைக் கேட்கும்போது, “இது யாருடைய பதிவிலிருந்து வந்தது?” எனக் கேளுங்கள்.

மாதிரி வினா: மீளமைக்கப்பட்ட இடமொன்றின் பயனையும் குறைபாட்டையும் தருக. (4 புள்ளிகள்)

விடை: பயன் - ஏட்டில் எண்ணாக மட்டும் உள்ள பொதியின் பாரத்தையும் உழைப்பின் கடினத்தையும் நேரில் உணரலாம். குறைபாடு - அது பிற்காலத்தவரின் விளக்கமே. எதைக் காட்டுவது, எதை விடுவது என்பதை அவர்களே தீர்மானிக்கின்றனர்.

நினைவிற் கொள்க: பயனை மட்டும் எழுதினால் பாதிப் புள்ளிகளே கிடைக்கும்.