டோக்கியோவில் ஒரு நாள்: நிதானமாகத் திட்டமிடுவது எப்படி?

அலுவல் காரணமாகவோ, வேறு நாட்டிற்குச் செல்லும் வழியிலோ டோக்கியோவில் ஒரே ஒரு நாள் தங்க நேரும் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் எங்களிடம் யென்னின் மதிப்பை மட்டுமே விசாரிக்கின்றனர். அந்த ஒரு நாளைச் செலவிடும் முறையும் அதே அளவு கணக்கிடப்பட வேண்டியதே.

சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் குடும்பத்துடன் சென்றபோது ஒரே நாளில் எட்டு இடங்களைக் குறித்துக்கொண்டு புறப்பட்டோம். நான்காவது இடத்தை அடையும் முன்பே அம்மாவுக்கு முழங்கால் வலி மிகுந்து, ரயில் நிலையப் படிக்கட்டில் அமர்ந்துவிட்டார். "நான் இங்கேயே இருக்கிறேன், நீங்கள் பார்த்துவிட்டு வாருங்கள்" என்றார். பட்டியலை மடித்து வைத்துவிட்டு விடுதிக்குத் திரும்பினோம். அவருக்கு அது மறுமுறை வாய்க்காத பயணம். அன்று கற்ற பாடமே இக்கட்டுரை.

ஒரே ரயில் பாதை

முதலில் இடங்களைக் குறித்துவிட்டுப் பிறகு வழி தேடினால் நாள் முழுதும் அலைச்சலே மிஞ்சும். மாறாக, ஒரு ரயில் பாதையைத் தேர்ந்து, அதன் மீதுள்ள இடங்களை மட்டும் காண்பது நலம். இதற்கு ஏற்றது கின்சா பாதை. 1927-இல் அசகுசாவுக்கும் உவேனோவுக்கும் இடையே தொடங்கப்பட்ட இதுவே ஆசியாவின் முதல் மெட்ரோ. நரிதா, ஹனேடா ஆகிய இரு விமான நிலையங்களிலிருந்தும் அசகுசாவுக்கு நேரடி ரயில்கள் உண்டு. பெட்டிகளை நிலையத்திலுள்ள நாணயப் பெட்டகத்தில் வைத்துவிடலாம்.

காலை: அசகுசாவிலுள்ள சென்சோஜி, டோக்கியோவின் மிகப் பழைய கோயில். இங்கு வழிபடப்படும் கன்னோன், நாம் அவலோகிதர் என அறியும் போதிசத்துவரே. 1945 குண்டுவீச்சில் எரிந்த மூலக் கட்டடம் 1958-இல் மீண்டும் எழுப்பப்பட்டது. கடைகள் திறக்கும் முன் சென்றால் நெரிசல் இராது.

நண்பகல்: உவேனோ பூங்கா. 1873-இல் அறிவிக்கப்பட்ட இப்பூங்காவில் அருங்காட்சியகங்கள் பல உள்ளன. ஒன்றைக்கூடக் காணாவிட்டாலும் குறையில்லை. தாமரைகள் நிறைந்த ஷினோபாசு குளக்கரையில் ஒரு மணி நேரம் அமர்ந்திருக்கலாம். சைவ உணவினர் கவனிக்க: காய்கறிச் சூப்பிலும் மீன் சாறு கலந்திருப்பது வழக்கம், கேட்டறிந்தே உண்ணுங்கள்.

பிற்பகல்: மித்சுகோஷிமே நிலையத்திற்கு அருகில் ஜப்பான் வங்கியின் நாணய அருங்காட்சியகம் உள்ளது. கட்டணம் இல்லை; திங்கட்கிழமை விடுமுறை. 2024 முதல் 10,000 யென் தாளில் இடம்பெறும் ஷிபுசாவா எய்இச்சி, 1873-இல் அந்நாட்டின் முதல் நவீன வங்கியை நிறுவியவர். அங்கிருந்து சில நிலையங்கள் தள்ளிக் கின்சா. வெள்ளி நாணயச் சாலை இருந்த இடம் என்பதே அப்பெயரின் பொருள். வார இறுதிப் பிற்பகல்களில் அதன் முதன்மைச் சாலையில் வாகனங்கள் நிறுத்தப்படுவதால் நிம்மதியாக நடக்கலாம்.

பணத்திற்கான ஏற்பாடு

நம் நாட்டு வங்கிகளில் யென் மதிப்பு 100 யென்னுக்கு என்றே குறிக்கப்படும். கணக்கிடுகையில் இதை மறவாதீர்கள். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, புதிய அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடு நிறுத்தப்பட்டே வழங்கப்படும்; நாமே அதை இயக்க வேண்டும். வங்கியில் பணியாற்றும் நாங்களே இதை மறந்து, கடையில் கையைப் பிசைந்து நின்றதுண்டு. அட்டைக் கருவி ரூபாயா, யென்னா எனக் கேட்டால் யென்னையே தேர்ந்தெடுங்கள். ரூபாயைத் தேர்ந்தால் மாற்று விகிதம் பெரும்பாலும் நமக்குப் பாதகமாகவே அமையும். கடன் அட்டையில் ரொக்கம் எடுத்தால் அன்றிலிருந்தே வட்டி ஏறும். சிறு கடைகளுக்காகக் கொஞ்சம் ரொக்கம் வைத்திருங்கள். அன்பளிப்பாகச் சில்லறை தரும் வழக்கம் அங்கில்லை.

கையிருப்பு நேரம்

வருமானம் முழுவதையும் செலவுக்கு ஒதுக்குபவரை நாம் எச்சரிப்போம்; நேரத்திற்கும் அதுவே விதி. மூன்று அல்லது நான்கு இடங்கள், இடையில் இரண்டு ஓய்வுகள், எதற்கும் ஒதுக்காத இரண்டு மணி நேரம் எனத் திட்டமிடுங்கள். குழுவில் மிக மெதுவாக நடப்பவரின் வேகமே எல்லோருடைய வேகமாக இருக்கட்டும். மின்தூக்கி உள்ள வாயில்களை முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள். நாங்கள் செய்யத் தவறியது அதுதான்.

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்னதாகக் கிளைக்கு வந்து, அட்டையையும் அந்நியச் செலாவணியையும் சரிபார்த்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.