பழைய கணிப்பொறி போதும்

கிழக்கேகோட்டையில் ஓர் அக்கா தையல் கடை நடத்துகிறார். கடைக் கணக்கு கணிப்பொறியில் இருக்கிறது. அது விண்டோஸ் 10-இல் ஓடுகிறது. அதற்கான வழக்கமான பாதுகாப்பு உதவி 2025 அக்டோபர் 14-இல் நின்றது. புதுக் கணிப்பொறி வாங்கப் பணம் இல்லை. என்ன செய்வது?

கணிப்பொறியை இயக்க லினக்ஸும் உண்டு. அது இலவசம். ஆனால் அதில் பல வகை. எதை எடுப்பது?

மகள் சொன்னாள்: "அம்மா, எங்கள் பள்ளியில் உபுண்டு வகை லினக்ஸ்தான். நான் சொல்லித் தருகிறேன்."

அருகில் உதவ ஆள் இருக்கும் வகையே நமக்கு ஏற்றது.

முதலில் கணக்கைப் பென் டிரைவில் நகல் எடுங்கள். லினக்ஸை வேறொரு பென் டிரைவில் ஏற்றி ஓட்டிப் பாருங்கள். தமிழ் எழுத்து தெரிகிறதா? பிரிண்டர் ஓடுகிறதா? சரியாக இருந்தால் கணிப்பொறியில் பதியுங்கள். பதியும்போது பழையவை அழியலாம்.

கேள்வி: முதலில் எதை நகல் எடுக்க வேண்டும்? ஏன்?